கரி விழுகிற நேரம்

கெம்பம்மா காலையில் எழுந்ததும் செய்கிற முதல் காரியம், வாசலில் நின்று மேற்கே பார்த்துக் காறித் துப்புவது. மேற்கே இரும்பு உருக்குகிற கம்பெனி, அதன் தலைக்கு மேலே புகைபோக்கி. துப்பினால் கறுப்பாக விழும். "பாத்தியா மாமா, நேத்து நாம தின்னது," என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

"சீ, காலங்காத்தால அதை வேற நான் பாக்கணுமா? போ புள்ள அந்தப் பக்கம்," என்று ஆஞ்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஓசூரை ஒட்டி அந்தக் கம்பெனி நிற்கிற இடம் முன்பு நாராயணப்பன் என்பவரின் ராகிக் காடு. ஆஞ்சப்பன் அதில் கூலிக்கு ஏர் ஓட்டினான். எண்பத்தாறில் காடு கைமாறியது, கம்பெனி வந்தது, அவனுக்கு லோடு ஏற்றுகிற வேலை கிடைத்தது. ஊரே வாயைப் பிளந்தது. அட, என்ன பெரிய உத்தியோகம்! எட்டு வருஷம் இரும்பு தூக்கினான். தொண்ணூற்று நாலில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பெனி கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். டெம்போவில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு. எப்படியோ உயிர் தங்கியது. பாரம் தூக்க முடியாத ஆள் எதற்கு என்று கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"கனம் தூக்கக் கூடாது, உப்பைக் குறைக்கணும், மாத்திரையை விடக் கூடாது, நல்லா காத்தோட்டமா உக்காரணும். இன்னொரு தடவை வந்தா தாங்காது." ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். கெம்பம்மா ஒரு சொல் விடாமல் மனசில் போட்டுக்கொண்டாள். அந்த இன்னொரு தடவை வரவே கூடாது. அன்றிலிருந்து அவள் மூச்சும் பேச்சும் அது ஒன்றுதான்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கம்பெனி ஆபீசர் வீட்டுத் துணியெல்லாம் வாங்கி வந்து துவைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அவர்களுடைய குவாட்டர்ஸ் கம்பெனிக்கு மேற்கே, மேட்டுமேல் இருந்தது. மேகாத்து அடித்தால் புகை மொத்தமும் கிழக்கே, இவர்கள் சனம் இருக்கிற பக்கம்தான் இறங்கும். பார்த்துப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள், கெட்டிக்காரர்கள்!

காலையில் பத்து மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை சங்கு ஊதி உலையை முடுக்குவார்கள். அரைமணி நேரத்தில் கரி விழ ஆரம்பிக்கும். சோற்றில் விழும், குடத்துத் தண்ணீரில் மிதக்கும், தெருக் குழந்தைகள் மூக்கில் அப்பும். தூ! அதெல்லாம் போகட்டும். மேனேஜர் சட்டையில் விழலாமா? அவருக்குப் பன்னிரண்டு சட்டை, பன்னிரண்டும் வெள்ளை. ஒரு தடவை காலரில் கடுகளவு ஒரு புள்ளி. மேனேஜர் சம்சாரம் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "என்ன கெம்பம்மா இது, அசிங்கமா?" என்றாள்.

"உங்க கம்பெனி வெச்ச பொட்டுதான்மா."

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

அதற்கப்புறம் கெம்பம்மா உஷாராகிவிட்டாள். சங்கு ஊதினதும் கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டு உள்ளே ஓடுவாள். சிமெண்ட் அட்டை போட்ட ஒற்றை அறை அது. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் தொங்கவிட்டால் உள்ளே கால் வைக்க இடமிருக்காது. ஈரமும் சோப்பு வாடையும் மூச்சை முட்டும். நெஞ்சுவலிக்காரனை அதற்குள் எப்படி வைப்பது? காற்றோட்டமாக உட்காரச் சொல்லியிருக்கிறார்களே! கயிற்றுக் கட்டிலைத் தூக்கிப் புங்க மரத்தடியில் போட்டு அவனைப் படுக்க வைப்பாள். பிறகு கரி நுழையாமல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்துவாள். புகை ஓய்ந்ததும் வந்து ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைப்பாள். துணி கறுத்துவிடும்.

"என்ன மாமா, மை பூசிக்கிட்டு எந்தக் கூத்துக்குக் கிளம்பிட்ட?"

"உன் கூத்து போதாதாக்கும்," என்பான் ஆஞ்சப்பன்.

மறுவருஷம் ஆடி மாசம். மேகாத்து ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. நாலு மணிச் சங்கு ஊதியது. கெம்பம்மா பன்னிரண்டு சட்டையையும் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளிப்பு மாட்டினாள். வெளியே ஆஞ்சப்பன் இருமுவது கேட்டது. "கெம்பா..." என்று கூப்பிட்டான்.

"இரு மாமா, கதவைத் தெறந்தா கரி வரும். நாலு சட்டைதான் பாக்கி."

நாலையும் மாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தாள். அவன் உடம்பெல்லாம் வேர்வை ஓட, நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தான்.

ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே அவன் தலை தொங்கிவிட்டது. இந்தத் தடவை இருந்தது ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. கையைப் பிடித்துப் பார்த்தாள், கண் இமையை விலக்கிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். கெம்பம்மா போட்ட கூப்பாடு கொஞ்சம் அடங்கின பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பீடி, சிகரெட் உண்டாம்மா?"

"அந்தாளு பீடியைக் கையால தொட்டதில்லைம்மா."

டாக்டரம்மா அவன் நெற்றியைப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. "இது என்ன?"

"கரிம்மா. கம்பெனி உலையிலிருந்து வந்து விழும்."

"இதுலதான் நாள் பூரா உக்காந்திருப்பாரா?"

"நாள் பூரா இல்லம்மா. கரி விழற நேரம் மட்டும்தான் வெளிய படுக்க வெப்பேன். அந்நேரம் உள்ள மேனேஜர் சட்டை..." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் தான் சொல்வது தன் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதனாலதான்னு நான் எழுதித் தர முடியாதும்மா," என்றாள் டாக்டரம்மா. "ஆனா புகை மூச்சுக்கு மட்டும் கேடு இல்ல. பொடி உள்ள போயி ரத்தக்குழாயையும் கெடுக்குது, நெஞ்சையும் தாக்குது. ஒருதடவை மாரடைப்பு வந்தவங்க அதுல படவே கூடாது. உங்களுக்கு இதை யாரும் சொல்லலையா?"

யார் சொன்னார்கள்? காற்றோட்டமாக உட்காரச் சொன்னவர்கள், எந்தக் காற்று என்று சொல்லவில்லை.

மூணாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் குவாட்டர்ஸிலிருந்து ஆள் வந்தான், மேனேஜருக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இல்லையாம். சாவுக்கு எட்டிப் பார்க்காதவர்கள்! பன்னிரண்டும் அந்த அறைக்குள் அப்படியே தொங்கின, ஒரு புள்ளி இல்லாமல், பால் மாதிரி.  பார்க்கப் பார்க்கக் கெம்பம்மாவுக்கு அந்தச் சட்டைமேல் மட்டுமா, அதை மாட்டின தன் கைமேலும் அருவருப்பு வந்தது.

"நாளைக்குக் கொண்டாரேன்னு சொல்லு," என்றாள்.

எல்லாவற்றையும் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். நாலு மணிச் சங்கு ஊதினதும் வெளியே கொடியில் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, கரி விழுந்து விழுந்து ஒட்டுவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். காலைச் சங்குக்கும் அங்கேயே கிடந்தது துணி. அப்புறம் மடிப்புக் கலையாமல் மடித்து எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள்.

மேனேஜர் ஒன்றைப் பிரித்தார். முகம் கோணியது. "சீச்சீ, என்ன இது?"

"எம் புருஷன் உள்ளுக்குப் போட்டுக்கிட்டது சார். நீங்க வெளிய போட்டுக்குங்க."

அந்த மனுஷன் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னொரு தடவை அலசினா போயிடும் இல்ல?" என்றார்.

கெம்பம்மா அந்த வழவழத் தரையில், அவர் காலுக்கு முன்னால் காறித் துப்பினாள். கறுப்பாகத்தான் விழுந்தது.

"சட்டையை அலசலாம் சார். அவனை எங்க போட்டு அலசறது?"