ஒன்பது மணிக்கு எடுத்த சாப்பாடு

விமான நிலையத்தின் இரண்டாவது மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பயணிகள் காத்திருக்கும் லவுஞ்சில் அவள் பதினோரு வருஷமாகச் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கறார் அக்கா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அவளும் மறுபேச்சில்லாமல் திரும்பிப் பார்ப்பாள். வயது நாற்பத்தெட்டு. ஆள் குள்ளம். கோபம் மட்டும் எப்போதும் ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கும்.

அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. காலை ஐந்து மணிக்கு வெளியே ஏதோ ஒரு சமையற்கூடத்திலிருந்து வேனில் சாப்பாடு வரும், அலுமினியத் தட்டுகளில் மூடி போட்டு. அவள் அதைச் சூடேற்றும் பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் வந்த நேரத்தை எழுதி ஒரு சீட்டு ஒட்டுவாள். நாலு மணி நேரம்தான் கணக்கு. அதற்குமேல் ஒரு நிமிஷம் ஆனாலும் எடுத்துக் கொட்டிவிட வேண்டும். இவ்வளவுதான் அவள் வேலை. ஆனால் கீழே போட்டால் துள்ளுகிற மாதிரி வந்த முட்டைக்கும், வெந்நீரில் உப்பைக் கரைத்த மாதிரி இருந்த சூப்புக்கும், விளிம்பு விறைத்துப்போன ரொட்டிக்கும் திட்டு வாங்குகிறவள் அவள்தான். சமைத்தவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. மேசைக்குப் பின்னால் நிற்கிற முகம் அவளுடையது.

"இதை மனுஷன் சாப்பிடுவானா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு மலை மாதிரி அள்ளிக்கொண்டு போவார்கள். கால்வாசி தின்றுவிட்டு, மிச்சத்தில் கை துடைத்த காகிதத்தைச் செருகி வைப்பார்கள். ஒரு அம்மாள் ஒன்பது ஆப்பிளைக் கைப்பைக்குள் போட்டு, பத்தாவது உள்ளே போகவில்லை என்று இவளிடமே பை கேட்டாள். ஒருவர் செருப்பைக் கழற்றி எதிர் நாற்காலியில் காலை நீட்டி, கால் விரல்களை ஆட்டிக்கொண்டே கேக் தின்றார். இன்னொருவர் செல்போனை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு டாக்டரோடு சத்தமாகப் பேசினார். அவருடைய பித்தப்பைக் கல் எத்தனை மில்லிமீட்டர் என்பது அங்கே இருந்த எழுபது பேருக்கும் அன்றைக்குத் தெரிந்துபோனது.

இதையெல்லாம் சொன்னால், மேலாளர் ஒரே பதில் வைத்திருந்தார். "சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க அக்கா." அவர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மேசையில் எந்தத் தட்டும் காலியாகத் தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. தலைமை அலுவலகத்திலிருந்து காமிராவில் பார்ப்பார்களாம்.

வீட்டில் அவள் கணவர் லாரிப் பட்டறையில் இயந்திரம் பிரிக்கிறவர். வலது காது பாதி போய்விட்டது. ஆனாலும் அவள் வேலை முடிந்து படியேறும் சத்தம் கேட்டால், அந்த மனுஷன் தொலைக்காட்சியின் ஒலியை மொத்தமாக அடைத்துவிட்டு, அடியில் ஓடும் எழுத்தைப் படித்துச் செய்தி தெரிந்துகொள்வார். அரை மணி நேரம் அவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அது வீட்டுச் சட்டம்.

அந்த மூடுபனி நாள் வந்தது. ஆறு மணிக்கு ஒரு விமானம் கிளம்பவில்லை, ஏழு மணிக்கு ஒன்றுமே கிளம்பவில்லை. எண்பது பேர் உட்காரும் லவுஞ்சில் ஒன்பது மணிக்குள் இருநூறு பேர். எள் போட்டால் கீழே விழாது. சன்னலோரத் தரையில் எல்லாம் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்கள்.

நடுவில் கழுத்தில் டை கட்டின ஒருவர். நாலு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்: ஒன்றில் அவர், ஒன்றில் கோட்டு, இரண்டில் பை. மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஒலியை முழுசாக ஏற்றி, யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொண்ணூறை எட்டின மாதிரி ஒரு கிழவர், கையில் சூப்புக் கிண்ணத்தோடு நின்றுகொண்டே குடிக்கப் பார்த்தார். கை ஆடி, சூப்பு பாதி சட்டையில்.

அவள் போய் நின்றாள். "சார், பையை எடுத்தா பெரியவர் உட்காருவார்."

டைக்காரர் திரும்பாமலே கையை உயர்த்தினார், பொறு என்கிற மாதிரி. அவள் பொறுக்கவில்லை. இரண்டு பையையும் தூக்கிக் கீழே வைத்தாள், கிழவரின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏய், யாரைக் கேட்டுத் தொட்ட?"

"உங்களைத்தான் கேட்டேன் சார். நீங்க கையைக் காட்டினீங்க."

அவர் எழுந்து நேரே மேலாளரிடம் போனார். மேலாளர் வந்து காதோரம் சொன்னார்: "இன்னிக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இருங்க அக்கா. உங்களுக்குக் கும்பிடு போடறேன்." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

ஒன்பது மணிக்குக் கோழி போட்ட சாதத்தின் நேரம் முடிந்தது. மூன்று தட்டுகள், ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் இருந்தது. தட்டு கழுவும் அண்ணனைக் கூப்பிட்டு, "எடுத்துக் கொட்டிடுங்கண்ணே" என்றாள். ஓய்வு பெற இரண்டே வருஷம் இருந்த மனுஷர் அவர். ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தலையை ஆட்டிவிட்டு உள்ளே கொண்டுபோனார்.

அடுத்த வேன் பத்தரைக்கு வர வேண்டும். பனியில் எங்கோ சிக்கிக்கொண்டது. பதினொரு மணிக்கு மேசையில் பிஸ்கட்டும் வெட்டின பழமும்தான் மிச்சம். ஆட்கள் கரண்டியைக் காலித் தட்டில் தட்டிப் பார்த்துவிட்டு அவளை முறைத்தார்கள். "கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்ச மாதிரி இருக்கே" என்று ஒருவர் கேலி செய்தார். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு மூன்று தடவை வந்து கேட்டாள். கறார் அக்கா மூன்று தடவையும் வேன் வருகிறது என்று சொன்னாள். மூன்றாவது தடவை அவளுக்கே அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை.

பதினொன்றரைக்கு மேலாளர் தானே உள்ளேயிருந்து மூன்று தட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். கோழி போட்ட சாதம். ஆவி பறந்தது. சீட்டில் பதினொன்று இருபது என்று நேரம் எழுதியிருந்தது, அவள் கையெழுத்தில் இல்லை.

"வேன் வந்துடுச்சா சார்?"

"வெச்சு விடுங்க அக்கா."

அவள் மூடியைத் தூக்கினாள். மேலே சூடு, அடியில் ஒரு புளிச்ச வாடை. பதினோரு வருஷமாக மூடி தூக்குகிற மூக்கு அது. நகத்தால் சீட்டின் ஓரத்தைக் கிளப்பினாள். அடியில் இன்னொரு சீட்டு. அவள் எழுதின ஐந்து மணி.

"இது கொட்டச் சொன்னது சார்."

"நான் கொட்ட வேண்டாம்னேன். உள்ள ஏசியிலதான் இருந்துச்சு. சுட வெச்சாச்சு. ஒண்ணும் ஆகாது."

"நீங்க சாப்பிடுவீங்களா?"

மேலாளரின் கழுத்து சிவந்தது. "இருநூறு பேர் பசியில நிக்கிறாங்க. உங்க பிடிவாதத்துக்கு இதுவா நேரம்? நகருங்க." அவளை ஒதுக்கிவிட்டு அவரே பெட்டியில் தட்டை இறக்கி, கரண்டியைப் போட்டார். வாசனை பிடித்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். நிமிஷத்தில் வரிசை. வரிசையை மதிக்காமல் முதலில் வந்து நின்றது டைக்காரர்தான். அவருக்குப் பின்னால் குழந்தைக்காரப் பெண்.

அவள் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். சாப்பாட்டுக்கும் வரிசைக்கும் நடுவில் நின்றாள். குரல் தானாக எழும்பியது. கடைசி சன்னல் வரைக்கும் கேட்டது.

"இது காலையில அஞ்சு மணிக்கு வந்த சாப்பாடு. நேரம் முடிஞ்சு ஒன்பது மணிக்கு நான் எடுக்கச் சொன்னது. புதுச் சீட்டு ஒட்டித் திரும்ப வெச்சிருக்காங்க. சாப்பிடாதீங்க. குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க."

அந்த அறையில் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. அவள் எதிர்பார்த்தது மேலாளரைக் கேட்பார்கள் என்று. கேட்டது அவளைத்தான்.

"அப்ப எங்களுக்கு என்ன கொடுக்கப் போற?"

"காலையிலேருந்து இந்தம்மா மூஞ்சியே சரியில்ல."

"உங்க சண்டையை உள்ள வெச்சுக்கோங்க. எங்க வயித்துல ஏன் அடிக்கிறீங்க?"

டைக்காரர் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கரண்டியை எடுத்தார். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே தட்டு நிறையப் போட்டார். "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஒரு வாய் அங்கேயே தின்றார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் போட்டுக்கொண்டார்கள். குழந்தைக்காரப் பெண் மட்டும் காலித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனாள். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கறார் அக்கா அழுதிருப்பாள், அதனால் நல்லதுதான்.

மத்தியானம் பனி விலகியது. எல்லோரும் பறந்துபோனார்கள். டைக்காரருக்கு வயிறு கெட்டதா, கெடவில்லையா என்று கடைசி வரை தெரியவில்லை. கெட வேண்டும் என்று அவள் மனசார நினைத்தாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் அடங்கும் முன் திரும்பவும் நினைத்தாள்.

மறுநாள் அவளை உள்ளே விடவில்லை. கதவுக்காரர் கையில் ஒரு கடிதம் இருந்தது. பயணிகளிடம் உரத்த குரலில் பேசிப் பீதி கிளப்பியதால் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறாள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் சேரலாம். சாப்பாட்டைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை.

அன்றைக்கு அவள் கணவர் வீட்டுச் சட்டத்தை மீறி, உடனே பேசினார். "ஒரு வரிதானே. எழுதிக் கொடுத்துட்டுப் போயேன்."

"எந்த வரிங்க?"

"தெரியாம பேசிட்டேன்னு."

"தெரிஞ்சுதான் பேசினேன்."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். காகிதத்துக்கு என்ன தெரியும்?"

"நாளைக்கு ஒருத்தருக்கு ஏதாவது ஆனா, இந்தம்மாவே தப்புன்னு எழுதிக் கொடுத்துச்சுன்னு அந்தக் காகிதம்தான் முதல்ல வந்து நிக்கும்."

அவர் காது கேட்கிற பக்கத்தைத் திருப்பி முழுசாகக் கேட்டார். "ஏர்போர்ட்டுல சாப்பாட்டைச் சோதிக்கிற உணவு ஆய்வாளர் ஒருத்தர் இருப்பாரே, அவர் ஆபீஸ் எந்த மாடியில இருக்கு?" என்றார்.

கீழ்த் தளத்தில், பெட்டிகள் வந்து விழும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. அவள் மூன்று நாள் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் ஆய்வாளர் இல்லை. இரண்டாம் நாள் இருந்தார், கூட்டத்தில் இருந்தார். மூன்றாம் நாள் அவள் கதவைத் தட்டவில்லை, திறந்துகொண்டே போய்விட்டாள். ஆய்வாளர் அவள் வயதுப் பெண்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தச் சாப்பாடு இப்ப இல்ல. ரெண்டு சீட்டும் இல்ல. நீங்க சொல்றதை நான் நம்பறேம்மா. ஆனா எதை வெச்சு எழுதறது? பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்றார்.

பார்த்தவர் ஒருவர்தான். தட்டு கழுவும் அண்ணன். அவள் அவரிடம் போய்க் கேட்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறவரை மாட்டிவிட மனசு வரவில்லை. கேட்டு, அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் தாங்காது என்பதும் ஒரு காரணம்.

ஆய்வாளர் தானே இரண்டாவது மாடிக்குப் போனார். மேலாளர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாராம். வேன் வந்தது, சாப்பாடு புதுசு, அந்த அக்காவுக்குக் கொஞ்சம் கோபம் அதிகம், அவ்வளவுதான். ஆய்வாளர் நோட்டை மூடப் போகும்போது, கழுவும் தொட்டிப் பக்கமிருந்து அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வேன் வரலைங்க. மூணு தட்டையும் ஒன்பது மணிக்கு நான்தான் உள்ள கொண்டுபோனேன். சார்தான் கொட்டாதேன்னாரு. ஒரு தட்டோட மூலையை நான் கதவுல இடிச்சு நசுக்கிட்டேன். பதினொன்றரைக்கு அதே நசுங்கின மூலை வெளிய போச்சு."

மேலாளர் அவரைப் பார்த்தார். அவர் மேலாளரைப் பார்க்கவில்லை. தொட்டிக்குத் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வேன் ஓட்டியவரின் பதிவிலும் அன்றைக்கு வந்த நேரம் ஒன்று பத்து என்று இருந்தது.

மேலாளரை வேலையை விட்டெல்லாம் அனுப்பவில்லை. வேறு ஊரில் இன்னொரு லவுஞ்சுக்கு மாற்றினார்கள். அது இதைவிடப் பெரிய லவுஞ்ச் என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு வயிறு எரிந்தது. அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு: குரலை உயர்த்தியது தவறு. கையெழுத்துப் போட வேண்டும். அவள் பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு மேலே தன் எழுத்தில் எழுதினாள்: 'குரல் உயர்ந்தது உண்மை. சாப்பாடு கெட்டிருந்ததும் உண்மை.' கடிதம் வாங்க வந்த அலுவலகப் பெண் அதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தாள்.

திரும்பிப் போன முதல் நாள் ஒன்றும் மாறியிருக்கவில்லை. முட்டை அதே முட்டை. ஒருவர் சோபாவில் படுத்துக்கொண்டு மார்பின் மேல் போனை வைத்து ஏதோ சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார், வெடிகுண்டுச் சத்தத்தோடு. அவள் அண்ணனிடம் போய் நின்றாள். அவர் கழுவின கிண்ணத்தை நீட்டினார். அவள் வாங்கித் துடைத்தாள். இரண்டு பேருமாக ஒரு அடுக்கு முடித்தார்கள்.

பத்து மணிக்குப் புது மேலாளர் வந்தார். ஒவ்வொருவரிடமும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கடைசியாக அவளிடம் வந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு.

"உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன் அக்கா. இங்க ஏதாவது பிரச்சனை இருக்கா?"

சம்பிரதாயத்துக்குக் கேட்ட கேள்வி அது. இல்லை சார் என்று சொன்னால் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இருக்கு சார். உட்காருங்க, சொல்றேன்."

முட்டையிலிருந்து ஆரம்பித்தாள். நாற்பது நிமிஷம் ஆனது. ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அவர் மூன்றாவது பக்கத்தைத் திருப்பும்போது, அவள் சோபாக்காரரைப் பார்த்து, "சார், சத்தத்தைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.