அவர் சொன்ன என் வருத்தம்

ஜேர்மனியில் இருந்தவரை எங்கள் வீட்டில் வைத்தியரோடு பேசுகிற ஆள் நான்தான். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. சம்பளத்தில் ஒரு பங்கு மருத்துவக் காப்புறுதிக்குப் போகும். கணவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபிறகு அவரையும் மகளையும் என்னுடைய காப்புறுதியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். முதுகுநோவுக்கு வைத்தியரிடம் போனால் கணவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பார். நான் டொச்சில், ஜேர்மன் மொழியில், சொல்வேன். வெளியே வந்ததும் வைத்தியர் என்ன சொன்னார் என்று கேட்பார். சொல்வேன். அவ்வளவுதான்.

2009 தொடக்கத்தில் லண்டனுக்கு வந்தேன். அவர் ஒரு வருடம் முன்னரே வந்து, வெம்பிளியில் மைத்துனர் ஒருவரின் பலசரக்குக் கடையில் பங்குக்குச் சேர்ந்திருந்தார். மகள் ஜேர்மனியிலேயே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை விடுதியில் விட்டு, வீட்டைக் காலிசெய்து, நான் பின்னால் வந்தேன். ரெய்னர்ஸ் லேனில் ஒரு மாடிவீட்டின் மேல்பகுதி எங்களுக்கு. அவர் விடியப் போனால் இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் வருவார்.

வந்த கிழமையே என்னை வைத்தியநிலையத்தில் பதிய வேண்டும் என்று கூட்டிப்போனார். வரவேற்பில் இருந்த குஜராத்திப் பெண் என் கடவுச்சீட்டைப் பார்த்தாள். விலாசத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டாள். என் பெயரில் இந்த ஊரில் ஒரு துண்டுக் கடிதம்கூட வந்திருக்கவில்லை. கவுன்சில் பில்லையும் கலியாணப் பதிவையும் அவர் எடுத்து வைத்தார். தொலைபேசி எண் கேட்டபோது தன்னுடைய கைபேசி எண்ணைச் சொன்னார்.

திரும்பி வரும்போது நல்ல சந்தோசமாக இருந்தார்.

"இஞ்ச காப்புறுதிக் கொம்பனி, மாதக் காசு ஒண்டும் இல்லை. டொக்டரிட்டப் போனாலும் காசில்லை. என்ர விலாசம் இருந்தாப் போதும், உமக்கும் எல்லாம் வந்திடும்."

"ஓம்," என்றேன். எனக்கு ஆங்கிலம் வராது. டொச்சைப் பேசினால் இங்கே யாருக்கும் விளங்காது.

அந்தப் பங்குனி, சித்திரையில் தமிழர் வீடுகளில் தொலைக்காட்சியை யாரும் அணைத்து வைக்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் மரக்கறிப் பையைக் கையில் வைத்துக்கொண்டே வன்னிப் போருக்குள் அகப்பட்ட தங்கள் ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். பாராளுமன்றத்துக்கு முன்னால் நடந்த போராட்டத்துக்குப் போய்வந்தவர்களின் குரல் அடைத்திருந்தது. எனக்கு அந்த நாட்களில்தான் மாதச் சுகவீனம் ஒழுங்கு தவறியது. வந்தால் நிற்கவில்லை. இரத்தம் கட்டி கட்டியாகப் போனது. ஊரில் சனம் சாகிற நேரத்தில் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று பேசாமல் இருந்தேன். மகள் தொலைபேசியில் கேட்டால் சுகமாக இருக்கிறேன் என்பேன். படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியபிறகுதான் கணவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அடுத்த நாளே வைத்தியரிடம் நேரம் எடுத்தார்.

வைத்தியர் வயதான ஆண். கணவர் எனக்குப் பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் பேசினார். நான் வீட்டில் சொன்னது நீளமானது; அவர் பேசியதோ மிகவும் கொஞ்சம். வைத்தியர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்சுக்குக் கீழே, மேல் வயிற்றில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அங்கே எனக்கு ஒன்றும் இல்லை. நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயுவுக்கும் புளிப்புக்கும் குளிசை எழுதித் தந்து அனுப்பினார்கள்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வயித்துநோ எண்டு சொன்னனான்."

"நான் உங்களுக்குச் சொன்னது அதில்லையே."

"எல்லாம் வயிறுதானே. டொக்டருக்குத் தெரியும்." சற்றுத் தூரம் நடந்தபிறகு, "அந்த மனிசனுக்கு முன்னால நான் எப்பிடி அதைச் சொல்லுறது?" என்றார்.

குளிசையைப் போட்டேன். வைத்தியநிலையத்திலிருந்து செய்தி வந்தாலும் அது அவருடைய கைபேசிக்குத்தான் வந்தது. அவர் கல்லாவில் நின்றபடி அதைப் பார்த்துவிட்டு, இரவு நினைவு வந்தால் சொல்வார். மறந்தும் போவார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு இரத்தம் ஊற ஈரல் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து தானே கறி வைத்தார். ஆனால் அந்தப் பேச்சை அவரால் எடுக்க முடியவில்லை. நானும் இரண்டாம் தடவை எடுக்கவில்லை. ஒரே கட்டிலில் படுத்திருந்தோம். என் உடம்பில் என்ன நடக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனியில் ஒருநாள் கடைக்குப் போக பஸ் ஏறினேன். இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. இருந்து எழும்பினால் இருக்கையில் கறை இருக்குமோ என்ற பயத்தில் வழி முழுதும் நின்றுகொண்டே போனேன். கம்பியைப் பிடித்திருந்த கை வெளிறிப்போய் இருந்தது. பாதி வழியில் கண் இருட்டியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மதிலில் சாய்ந்து நின்றேன். ஒரு கிழவி நின்று என்னிடம் ஏதோ கேட்டாள். "ஓகே, ஓகே" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதுதான்.

அடுத்த நாள் அவர் கடைக்குப் போனபிறகு தனியாக வைத்தியநிலையத்துக்குப் போனேன். அங்கே சுவரில் பல மொழிகளில் எழுதிய ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்ததை பதியப் போன அன்றே கண்டிருந்தேன். உங்கள் மொழியில் பேச ஒருவர் வேண்டுமானால் இந்த வரியைக் காட்டுங்கள் என்று தமிழிலும் இருந்தது. அந்தக் குஜராத்திப் பெண்ணைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து, விரலை அந்த வரியில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேறு கேள்வி கேட்காமல் இருக்கச் சொன்னாள்.

இந்த முறை வைத்தியர் ஒரு இளம்பெண். மேசையில் இருந்த தொலைபேசியில் எண்களை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். கொஞ்ச நேரம் பாட்டுச் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"வணக்கம் மேடம். நான் இன்டர்பிரெட்டர் பேசறேன். நீங்க சொல்றது எல்லாத்தையும் அப்படியே டாக்டர்கிட்ட சொல்வேன். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லுங்க."

இந்தியத் தமிழ். கணவரைத் தவிர வேறொருவர் என்னிடம் நேராகத் தமிழில் என்ன நோய், என்ன வருத்தம் என்று கேட்டது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை.

"எனக்கு மூண்டு, நாலு மாசமா சுகமில்லாமல் வாறது நிக்கேல்லை."

"புரியலைங்க. ஜுரமா?"

"இல்லை. சுகமில்லாமல் வாறது. பொம்பிளையளுக்கு வாறது."

"ஓ, பீரியட்ஸா? சரிங்க, சரிங்க. மெதுவா சொல்லுங்க."

நான் சொன்னேன். துணி மாற்றுகிற கணக்கு, கட்டிகள், படிக்கட்டு, பஸ்ஸில் நின்றது, கண் இருட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் ஆங்கிலத்தில் அதே நீளத்துக்குப் பேசினாள். நான் ஒரு தடவை அழுதேன். அழுகிறேன் என்பதையும் அவள் சொல்லியிருக்க வேண்டும். வைத்தியர் தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள். இனி எந்த எண்ணுக்கு அழைப்பது என்று கேட்டபோது வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சொன்னேன்.

வைத்தியர் இரத்தம் எடுக்கிற பெண்ணைக் கூட்டிவர வெளியே போனாள். தொலைபேசி திறந்தே இருந்தது.

"பிள்ளை, நீங்கள் எங்க இருந்து கதைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க."

"பேர்?"

"பேரும் சொல்லக் கூடாதுங்கம்மா. எங்களுக்கு நம்பர்தான்." பிறகு தானாகவே சொன்னாள்: "நல்லபடியா ஆயிடும்மா. பயப்படாதீங்க."

அவளும் தனி அறையில் இருப்பாளோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. வைத்தியர் திரும்பி வந்தாள். எல்லாம் முடிந்ததும் கிளிக் என்று தொடர்பு அறுந்தது.

கர்ப்பப்பையில் கட்டிகள் என்று ஸ்கானில் தெரிந்தது. இரத்தம் மிகவும் குறைந்துவிட்டது என்று இரும்புக் குளிசை தந்தார்கள். ஸ்கான் எடுத்த அன்றிரவு கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தனியாகப் போனதையும் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையில் கையை வைத்தபடி இருந்தார்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"உங்களிட்டத்தானே முதல் சொன்னனான்."

அவர் எழும்பிப் போய்க் கை கழுவினார். அடுத்த தடவைகளில் என்னோடு வந்தார். ஆனால் பெயர் கூப்பிட்டதும் நான் எழும்பினால் அவர் எழும்பமாட்டார். வெளியே கதிரையில் இருந்துகொள்வார்.

கார்த்திகையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் சம்மதப் பத்திரம் வந்தபோது பழக்கத்தில் கணவர் கையை நீட்டினார். ஆஸ்பத்திரி வைத்தியர் பேனாவை என்னிடம் தந்தார். வார்டில் இருந்த நாட்களில் கடை மூடுவதற்கு முன் கணவரால் வர முடியாது. மூடினபிறகு பார்வையாளர் நேரம் முடிந்துவிடும். மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் கண்ணை மூடி நித்திரை போல் கிடந்தேன். ஞாயிறு மத்தியானம் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு வந்தார். ஒரு பை நிறையத் தோடம்பழம். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"நோகுதோ?"

"ஓம்."

"எவடத்தில?"

போர்வைக்கு மேலால் கையை வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தோடம்பழம் ஒன்றை உரிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்தபிறகு பாரம் தூக்கக் கூடாது, படி அதிகம் ஏறக் கூடாது என்றார்கள். அவர் சோறு ஆக்கி வைத்துவிட்டு விடியப் போவார். அந்த மார்கழியில் பனி கொட்டியது. ஒருநாள் மகள் தொலைபேசி எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் அம்மா சொல்லேல்லை? நான் வந்திருப்பன்தானே."

"உனக்குச் சோதினை."

"ஆர் உங்களோட நிண்டது?"

"அப்பா நிண்டவர்," என்றேன். அது பொய்யில்லை.

அவள் நத்தார் பண்டிகை விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாள். பனியால் விமானங்கள் பிந்துகின்றன என்று செய்தியில் சொன்னார்கள். தொலைபேசியை வைத்துவிட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். கீழ்வீட்டுப் பிள்ளைகள் முற்றத்தில் பனியைக் கூட்டிக் குவித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கத்தி விளையாடினார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளப் பார்த்தேன். இரண்டு, மூன்று சொல் பிடிபட்டது. இருட்டும்வரை அப்படியே இருந்தேன்.