கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிய ஆர்லிஸ்

ஆர்லிஸ் டோர்விக்கின் மீதி வாழ்க்கை முழுவதும் அன்று கோர்ட்டில் ஊசலாடிக்கொண்டிருந்தது!

மினசோட்டாவில், எங்கள் ஏரிக்கரை ஊரில், ஆயுள் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். அந்தப் பேருந்தில் அவளிடம் திட்டு வாங்காதவர் இங்கே யாருமில்லை, நானும் வாங்கியவள்தான். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. எழுபத்தெட்டு வயதில் அவளுக்கென்று மிஞ்சியவை ஏரியைப் பார்த்த வீடும், ஒரு பழைய பிக்கப் வண்டியும், உறைந்த ஏரியின் மேல் ஒரு மீன்பிடிக் குடிலும். உறவென்று அரிசோனாவில் தங்கை மகன் டெரிக்.

அந்த டெரிக்தான் மனுப் போட்டிருந்தான்! பெரியம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, என்னைக் கார்டியனாக நியமியுங்கள் என்று. நியமித்துவிட்டால், வீட்டை விற்பதும் அவன் இஷ்டம். அவள் எந்த ஊரில், எந்தக் கட்டிலில் படுப்பது என்பதும் அவன் இஷ்டம்!

டாக்டர் அவள் நன்றாக இருப்பதாகவே எழுதியிருந்தார். ஆனால் டெரிக் கையில் ஒரு வீடியோ இருந்தது.

"கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப கரையில நின்னு நானே எடுத்தேன், ஐயா. மூச்சே உறையற குளிரு. நாலு கண்ணாடியும் இறக்கி விட்டிருக்காங்க. சீட் பெல்ட் கிடையாது. அதுவும் ரோட்டுல இல்ல, ஏரி மேல! ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்க!" அவன் குரல் உடைந்தது. "எங்கம்மா போயிட்டாங்க. இவங்களும் போயிட்டா எனக்கு யாரு?"

அந்தக் கண்ணீர் நடிப்பில்லை. அதுதான் ஆபத்து. நீதிபதி கோஸ்கி போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். எங்கள் ஏரியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஆர்லிஸின் கை என் கையை நசுக்கியது.

நீதிபதி வீடியோவை இரண்டாம் முறை பார்த்தார்.

"தம்பி, ஐஸ் உடைஞ்சு வண்டி உள்ள போகுதுன்னு வை. கண்ணாடி ஏத்தியிருக்கு, பெல்ட்டும் போட்டிருக்க. எப்படி வெளிய வருவ?"

நீதிபதி வீடியோவை நிறுத்தினார்.

"நேத்து நானும் கண்ணாடிய இறக்கிட்டுத்தான் மீன் பிடிக்கப் போனேன். குளிர்ல மரத்துப்போன என் காது இன்னும் திரும்பி வரல!"

கோர்ட்டே குலுங்கியது! மனு தள்ளுபடி! நான் எழுந்து நின்று கத்தியே விட்டேன்.

வெளியே படிக்கட்டில் டெரிக் தலை குனிந்து நின்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பெரியம்மா? கேட்டேனே!"

ஆர்லிஸின் சிரிப்பு நின்றது. இதற்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டுமென்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்? அவன் கன்னத்தைத் தன் கையுறையால் துடைத்தாள்.

"தப்புதான்டா. ஆனா என்னைக் கட்டிலோட கட்டிப்போடவா பார்த்த, படுபாவி? ஏறு வண்டியில!"

பின்னாலேயே என் வண்டி. கரை தாண்டியதும் அவள் வண்டியின் கண்ணாடிகள் நான்கும் இறங்கின. டெரிக் தானாகவே பெல்ட்டைக் கழற்றினான். அடுத்த நொடி அவன் அலறல் ஏரி முழுக்கக் கேட்டது.

"ஐயோ, குளிருது பெரியம்மா!"

"புத்தி உள்ளவனுக்குக் குளிரத்தான்டா செய்யும்!"