குளோரியா மேடம் போடாத பதில்

நம்பாதவர்கள் பிரேசர் டவுனில் பாலகுமாரையே கேட்டுக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது.

பிரசவம் பார்க்கப் பழகும் மாணவிகளுக்கென்று ஒரு மொபைல் ஆப். செய்ததை மாணவி அதில் பதிய வேண்டும். மூத்த நர்ஸ் பார்த்துவிட்டுக் குரலில் பதில் அனுப்ப வேண்டும். ஆப்பைப் பராமரிப்பது பாலகுமார். வேலை என்ன வேலை, நாள் முழுக்கத் திட்டு வாங்குவதுதான். அன்றைக்குத் திட்டு வாங்கப் போன ஆஸ்பத்திரியில்தான் அவன் மனைவி சிந்து போன வருஷம் பிள்ளை பெற்று, ரத்தம் போய், இறந்தாள்.

"குளோரியா மேடம் ஒரு பதில்கூடப் போடலண்ணா," மாணவி ரக்ஷிதா பொரிந்தாள். "பதில் இல்லேன்னா எக்ஸாம் எழுத விடமாட்டாங்க. ஆப்பா இது? எங்களுக்கு ஆப்பு!"

அவள் போனை வாங்கினான். நெட்டை அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று அணைத்தான்.

டிங்.

நெட் இல்லாமலே, குளோரியா பெயரில் ஒரு பதில். பின்னால் மின்விசிறி கடகடத்தது. யாரோ படுத்துக்கொண்டு கிசுகிசுப்பதுபோல்...

"அமுக்கிப் பார்க்கல."

ரக்ஷிதாவுக்கு முகம் வெளுத்தது. பிள்ளை பெற்றவளின் வயிற்றைக் கால்மணிக்கு ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். கருப்பை இறுகாமல் இளகிக் கிடந்தால் ரத்தம் கொட்டும். ரக்ஷிதாவோ, வார்டில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்திக்கு எல்லா முறைக்கும் முன்கூட்டியே டிக் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எல்லாரும் அப்படித்தாண்ணா போடுவோம்... மேடத்துக்கு எப்படித் தெரியும்?"

டிங்.

"குளிருது... கீழ எல்லாம் ஈரம்."

ரக்ஷிதா வார்டுக்கு ஓடினாள். அவனும் ஓடினான்.

ஜன்னலோரக் கட்டிலில் அந்தப் பெண் தூங்குவதுபோல் கிடந்தாள். ரக்ஷிதா போர்வையை விலக்கினாள். மெத்தை முழுக்கச் சிவப்பு. வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினாள். டாக்டர் வந்தார்.

பிழைத்துவிட்டாள்.

வராந்தாவில் மூத்த நர்ஸ் குளோரியா அவனைப் பிடித்துக்கொண்டார்.

"லாகின் ஆகலன்னு எத்தனை வாட்டிப்பா சொல்றது? இன்னிக்கு வரைக்கும் உள்ளயே போனதில்ல. நான் எங்கேர்ந்து பதில் போடறது?"

அவன் வார்டைத் திரும்பிப் பார்த்தான்.

ஜன்னலோரக் கட்டில். மேலே மின்விசிறி... கடகடவென்று.

சிந்து படுத்திருந்த கட்டில்.

அன்று, எல்லா முறையும் பார்த்தோம் என்றார்கள். நம்பினான்.

டிங்.

இந்த முறை, அவனுடைய போன்.

கிசுகிசுப்பு இல்லை. தெரிந்த குரல்.

"எனக்கும் யாரும் பார்க்கல, பாலா."