கொடி அறுக்காத சரிவு

செங்கோட்டைக்கு மேற்கே ஒரு மழைக்காட்டில், மரத்தை வெட்டுவதற்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு வேலையை நான் செய்யவில்லை. அதனால் ஒருவர் இறந்தார். விசாரிக்க வந்த வனத்துறை ரேஞ்சரிடம், அந்த வேலையைச் செய்துவிட்டதாகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு மலைச்சரிவு முழுவதும் போயிற்று. தீப்பெட்டித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொண்டு மேலே படிக்கலாம்.

1. உதவாத மரம்

என் தகப்பனார் விருதுநகரில் மிஷன் பள்ளி ஆசிரியர். என்னைக் கல்லூரியில் தாவரவியல் படிக்க வைத்தார். படித்து முடித்ததும், ஐம்பதுகளின் நடுவில், சிவகாசியில் ஒரு தீப்பெட்டி கம்பெனியில் மரம் பார்த்து எடுக்கிற வேலை கிடைத்தது. முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். முதல் நாளே என்னை யார்டுக்கு நடத்திச் சென்று, அடுக்கியிருந்த தடிகளைக் காட்டினார்.

"தேக்கு, ஈட்டியெல்லாம் நமக்கு வேண்டாம் தம்பி. அது ராசாக்கமாருக்கு. நமக்கு ஒண்ணுக்கும் உதவாத மரம் போதும். வெள்ளையா இருக்கணும், முடிச்சு இருக்கக்கூடாது. மெஷின்ல மாட்டினா காயிதம் மாதிரி உரியணும். அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

உதவாத மரம் என்றுதான் அவற்றைத் தொழிலில் எல்லாரும் சொல்வோம். மட்டி, சீனி, இலவு. கதவு செய்ய முடியாது, உத்தரம் போட முடியாது, அடுப்புக்குக்கூட நின்று எரியாது. குச்சிக்கு மட்டும் ஆகும். அதுவும் பச்சையாக இருக்கும்போதே மெஷினுக்குப் போக வேண்டும். காய்ந்த தடி உரியாது, நொறுங்கும். லாரியில் வந்து இறங்கிய லோடுக்குச் சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம். யார்டில் எனக்குக் கட்டை வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த மரங்கள்தான் காட்டிலேயே உயரமானவை என்று எனக்குத் தெரியும். மற்ற மரங்களுக்கெல்லாம் மேலே தலை தூக்கி நிற்பவை. மலைத்தேனீ கூடு கட்டுவது அவற்றின் கிளையில், பறவைகள் குஞ்சு பொரிப்பது அவற்றின் பொந்தில். உதவாத மரம் என்று அண்ணாச்சி சொன்னபோது நான் மறுத்துச் சொல்லவில்லை. என்னை யாரும் அதைக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2. வானம் காணாத இடம்

சில வருஷங்களில் கம்பெனி காட்டிலேயே குத்தகை எடுத்தது. வெட்டு வேலையை மேற்பார்க்க என்னை அனுப்பினார்கள். கூட வந்தவர்கள் தாயில்பட்டிப் பக்கத்து ஆட்கள். மழை பொய்த்து, விவசாயக் கூலி இல்லாமல் போய், கோடரி எடுத்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் சுடலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

காட்டுக்குள் நுழைந்த அன்று அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார், இங்கன வானம் இருக்கா இல்லையா?"

"மேலே இருக்கு. இலை மறைக்குது."

"நம்ம ஊர்ல வானத்தைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது. இங்கன அது மட்டும் இல்ல." காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "இதுவும் பரவாயில்ல. குடிச்சதும் தானா விழுந்துருது. நம்ம ஊரு வட்டிக்காரவுக விழவே மாட்டாக" என்றார். ஆட்கள் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் கருவேல மரமோ வேம்போ தனியாக நிற்கும். வெட்டினால் வெட்டின பக்கம் விழும். மழைக்காட்டில் எந்த மரமும் தனியாக நிற்பதில்லை. தொடை தடிமனுள்ள கொடிகள் ஒரு மரத்தில் ஏறி, உச்சியில் அடுத்த மரத்துக்குத் தாவி, அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு மரம் சாய்ந்தால் கொடி பிடித்திருக்கிற மற்ற மரங்களையும் இழுக்கும். அதனால் வெட்டப் போகிற மரத்தைச் சுற்றியுள்ள கொடிகளை ஆறு மாதம் முன்பே அடியில் அறுத்துவிட வேண்டும். அவை மேலேயே காய்ந்து மக்கிய பிறகுதான் மரத்தில் கோடரி வைக்கலாம்.

ரேஞ்சர் நாகர்கோயில் பக்கத்துக்காரர். கண்டிப்பானவர். வெட்டலாம் என்ற மரங்களில் அடையாளச் சுத்தியலால் தாமே அடித்துக் கொடுத்தார்.

"கொடி அறுத்து, பக்கத்து மரத்துக்குச் சேதம் இல்லாமக் கீழ்ச்சரிவை முடிச்சுக் காட்டுங்க. அப்பத்தான் மேல்சரிவைத் திறப்பேன். இல்லன்னா கம்பெனி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

மேல்சரிவில்தான் ஓடை பிறந்தது. கோடையிலும் அது நின்றதில்லை. அங்கே சிங்கவால் குரங்குகள் இருந்தன. தரையில் கால் வைக்காமல் கிளை வழியாகவே மலை முழுக்கப் போய்வரும்.

3. அன்றைக்கே அறுத்த கொடி

பங்குனியில் அண்ணாச்சி ஜீப்பில் வந்தார்.

"கொடியை அறுத்துட்டு ஆறு மாசம் உக்காந்திருந்தா மழை வந்துரும், லாரிப் பாதை போயிரும். அங்கன மெஷின் சும்மா நிக்குது தம்பி. ஆர்டர் கொடுத்தவுக என் கழுத்தைப் பிடிக்காக. படிச்சவுக நீங்க, ஒரு வழி சொல்லுங்க."

நான் சொன்னேன். வெட்டுகிற அன்று காலையில் கொடிகளை அடியில் அறுத்து நுனியில் சேறு பூசிவிடலாம், பார்க்கிறவர்களுக்கு முன்பே அறுத்த கொடியாகத்தான் தெரியும் என்று. அன்றைக்கு அறுத்த கொடி உச்சியில் பச்சையாக, கம்பிவடம் போல உறுதியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். விழுகிற பக்கத்தைச் சரியாகக் கணித்துவிடலாம் என்று நம்பினேன். அண்ணாச்சி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்படி அன்று காலையே கொடி அறுத்து வெட்டிய முதல் மரம் ஒரு சீனி. அதன் அடிவேர்கள் பலகைச் சுவர் போல ஆள் உயரத்துக்கு நின்றன. சுடலையும் இன்னொருவரும் மேடை கட்டி ஏறி வெட்டினார்கள். மரம் கிழக்கே ஓடைப் பக்கம் விழும் என்று கணித்து, மேற்கே ஓட வழி ஒதுக்கிக் கொடுத்திருந்தேன்.

இறங்குவதற்கு முன் சுடலை கேட்டார். "மேல என்னமோ கட்டிப் போட்டாப்பல இருக்கு சார். சரியா வருமா?"

"வரும். நீங்க மேற்கே மட்டும் ஓடுங்க."

மரம் கிழக்கேதான் சாய்ந்தது. பாதி சாய்ந்ததும் கொடிகள் விறைத்தன. மேற்கே நின்ற இரண்டு மரங்கள் வேரோடு கிளம்பின. சுடலை நான் சொன்ன வழியில்தான் ஓடிக்கொண்டிருந்தார். அந்த இரண்டில் ஒன்று அவர்மேல் விழுந்தது. மற்றவர் பலகை வேருக்குள் ஒண்டிப் பிழைத்தார்.

புழுதி அடங்கியபோது அந்த இடத்தில் முதன்முதலாக வெயில் விழுந்தது. ஆட்கள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

4. ரேஞ்சர் கேட்டது

ரேஞ்சர் மறுநாள் வந்தார். சேறு காய்ந்திருந்த கொடி நுனிகளைக் குனிந்து பார்த்தார்.

"எப்ப அறுத்தது?"

"ஐப்பசியில் சார்."

"பிறகு எப்படி இழுத்தது?"

"எங்கோ ஒன்று தப்பியிருக்கும். சுடலையும் சொன்ன வழியில் ஓடவில்லை. தடம் மாறிவிட்டார்."

உண்மை சொல்லியிருந்தால் குத்தகை அன்றே ரத்தாகியிருக்கும். மேல்சரிவு தப்பியிருக்கும். அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்வது, என் வேலை என்னவாகும் என்பதைத்தான் நினைத்தேன். ரேஞ்சர் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் படித்தவன், வாத்தியார் மகன். நம்பிவிட்டார். பிழைத்த ஆளும் வாய் திறக்கவில்லை. அவருக்கும் கூலி வேண்டியிருந்தது.

விபத்து என்று கோப்பை முடித்து, அடுத்த வருஷம் மேல்சரிவைத் திறந்தார்கள். அடையாளம் இட்ட மரங்களை மட்டும்தான் வெட்டினோம். கொடியை அங்கேயும் அன்றன்றைக்குத்தான் அறுத்தோம். ஒவ்வொன்றும் விழும்போது பக்கத்து மரங்களையும் கூட்டிக்கொண்டே விழுந்தது. விழுந்ததை விடுவானேன் என்று அதையும் லோடு ஏற்றினோம். ஒரு நாள் குரங்குக் கூட்டம் ஒன்று வெட்டவெளியின் ஓரக்கிளை வரை வந்து நின்றது. முன்பு அவை போய்வந்த வழி அது. வயிற்றைப் பற்றிய குட்டியோடு ஒரு தாய், எதிரே தெரிந்த மரத்தையும் கீழே தரையையும் மாறி மாறிப் பார்த்தது. வெகுநேரம் இருந்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போயின. பிறகு நான் அவற்றைப் பார்க்கவில்லை.

மூன்றாவது கோடையில் ஓடை நின்றது. தடிகள் காயாமல் இருக்கத் தெளிக்கும் தண்ணீரை லாரியில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

5. நான் செய்து பார்த்தவை

வேலையை விட்டுவிட்டு விருதுநகரில் பள்ளி ஆசிரியரானேன். ரேஞ்சரைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். அப்போது அவர் பதவி உயர்ந்து வேறு ஊரில் இருந்தார். "இதை அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒரு காட்டுக்கு உதவியிருக்கும்" என்றார். ஆனாலும் மேலதிகாரிகளுக்கு எழுதினார். அண்ணாச்சியின் குத்தகை ரத்தாயிற்று. மிச்சமிருந்த பகுதியை வேறொரு கம்பெனி எடுத்தது.

கோடை விடுமுறைகளில் அந்தச் சரிவுக்கே போய், மழை தொடங்கியதும் கன்றுகள் நட்டேன். அந்தக் காட்டின் பெரும்பாலான மரங்கள் இளம் வயதில் நிழலில்தான் வளரும். நிழல் கொடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மழை விட்டதும் வெயிலில் கருகின. புல்லும் உண்ணிச்செடியும் மூடின. மாசியில் தீப்பிடித்தது. மறுபடி நட்டேன், மறுபடி தீ. நட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று இன்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. நட்டுப் பார்த்தவன் என்று மட்டும் சொல்வேன்.

சுடலையின் மனைவி பேச்சியம்மாளிடம் கடைசியாகத்தான் போனேன். அதற்குத்தான் அதிகம் பயந்தேன். தாயில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கொட்டகையில், வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களோடு அவரும், மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, கொடி விஷயத்தையும் ரேஞ்சரிடம் சொன்னதையும் மெதுவாகச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"அப்ப அவர் நீங்க சொன்ன பக்கந்தான் ஓடினாரா?"

"ஆமாம்மா."

"தடம் மாறி ஓடிட்டார், பேச்சைக் கேக்க மாட்டார்னுல்ல சொன்னாக. நானும் அவரைத்தான் இம்புட்டு நாளும் ஏசிக்கிட்டு இருக்கேன்." ஒரு சட்டத்தை முடித்து ஓரமாக வைத்தார். "மரத்துக்கு மரம் கொடி அம்புட்டுக் கட்டியிருக்கும்னா, ஒண்ணை மட்டும் எப்பிடி வெட்ட முடியும்?"

"முடியாது."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அப்போதுதான் கை நின்றது. என்னைத் திட்டவில்லை. "எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. இங்கன இருக்குறவுக எல்லாருக்கும் கேக்கணும். அவர் தடம் மாறலைன்னு சொல்லுங்க."

நின்று, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் கேட்டுக்கொண்டே அடுக்கினார்கள். பேச்சியம்மாள் வெறும் சட்டம் ஒன்றை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அவர் வெட்டுன அந்த மரமும் இங்கனதான் வந்திருக்கும். நாந்தான் அடுக்கியிருப்பேன்" என்றார். பிறகு ஒரு கை நிறையக் குச்சிகளை அள்ளினார்.