கல் எங்கேயும் போகாது

என் அண்ணி அகைத்தி வளர்த்த இரண்டு பன்றிகளைக் கொண்டுபோனது புயலும் இல்லை, நோயும் இல்லை. என் சொந்தச் சித்தப்பா மகன் பீரி. எங்கள் தீவின் மேயர். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் அண்ணன் தூமுவை அடக்கம் செய்த கொஞ்ச நாளிலேயே அவற்றைக் குட்டிகளாக வாங்கினாள். கல் திறக்கும் நாளுக்கு என்று. கல்லறைக் கல்லை நட்டு, வீட்டுப் பெண்கள் தைத்த போர்வைகளை அதன்மேல் அடுக்கி மூடி, உறவெல்லாம் கூடி ஒவ்வொன்றாக விலக்கி, வந்தவர்களுக்கு வயிறாரப் போட்டால்தான் எங்கள் ஊரில் துக்கம் முடியும். அதற்காக அவள் தினமும் தேங்காயும் மிச்சம் மீதியும் எடுத்துக்கொண்டு, காயலுக்கு அந்தப் பக்கம் பன்றிப்பட்டி இருக்கும் மேட்டுக்குத் துடுப்புப் போட்டுப் போவாள். மழையிலும் போவாள், கால் வீங்கியிருந்தாலும் போவாள்.

பக்கத்துத் தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். பக்கத்துத் தீவு என்றால் சரக்குக் கப்பலில் ஒரு இரவும் ஒரு பகலும். வழியெல்லாம் வாந்தி எடுத்தபடி கரையில் இறங்கினாள். மாலையோடு எதிரே போன என் அம்மாவிடம், "மாலை அப்புறம் போடுங்க, முதல்ல தண்ணி குடுங்க" என்றாள். அன்றைக்கே எங்கள் வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர் விழுந்துவிட்டது. நானும் அவளும் ஒரு கத்தரிக்கோலுக்காகச் சண்டை போட்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தோம். பிறகு என் பிரசவத்தில் என்னைத் தாங்கிப் பிடித்தவளும் அவள்தான். கத்தரிக்கோலை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை.

ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பது அவள். கொட்டு அடிப்பது என் அண்ணன். "இடுப்பு ஆடட்டும்டி, பல்லு எதுக்கு ஆடுது?" என்று பிள்ளைகளைத் திட்டுவாள். அண்ணன் சிரித்துத் தாளத்தைத் தவறவிடுவான். அதற்கும் ஒரு திட்டு விழும்.

ஒரே மகன் ரோங்கோ. ஆக்லாந்தில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அப்பாவின் கல்லை அங்கேயே செதுக்கி, பெட்டியில் அடைத்து, தானும் கூடவே சரக்குக் கப்பலில் வந்து சேர்ந்தான். கப்பல் வடக்குத் தீவுகளுக்குப் போய்விட்டு வெள்ளிக்கிழமை திரும்பும். அதில் அவன் ஏறியாக வேண்டும். அதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று ஆண்டவனுக்கே தெரியாது, வேலையும் போய்விடும். அதனால் கல்லை நட்டு, போர்வைகளால் மூடி, வியாழக்கிழமை திறப்பது என்று போதகரிடம் சொல்லி முடிவாகிவிட்டது.

அப்போதுதான் பீரிக்குச் செய்தி வந்தது. ஒரு வெள்ளைக் கப்பல். சின்னக் கப்பல்தான், நூறு பேர், தீவு தீவாகச் சுற்றிப் பார்க்கிறவர்கள். வியாழக்கிழமை வருகிறார்களாம். வரவேற்பு, ஆட்டம், குழியடுப்பில் வெந்த விருந்து எல்லாம் வேண்டுமாம். கவுன்சில் மண்டபத்தில் ஊரைக் கூட்டினான்.

"ஊர்ல வேற யார்கிட்டயும் பெரிய பன்னி இல்ல அண்ணி," என்றான் பீரி. "உங்க ரெண்டும் வேணும். கல்லை அடுத்த மாசம் திறந்துக்கலாம்."

"அடுத்த மாசமா?"

"கல்லு எங்கயும் போகாது அண்ணி."

"கல்லு போகாது. என் புள்ள போவான்," என்றாள் அகைத்தி.

நான் எழுந்தேன். "டேய் பீரி, செத்தவன் உனக்கு அண்ணன்டா. உன்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன்."

"எனக்குத் தெரியாதாக்கா? விருந்தாளிய வெறும் வயித்தோட அனுப்பினா ஊர் பேரு என்ன ஆகும்?"

அங்கேதான் பிடித்தான் எங்களை. விருந்தாளிக்கு என்று கவுன்சில் கேட்டால், வீட்டில் இருப்பதைத் தரமாட்டேன் என்று எங்கள் தீவில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. அது தெரிந்துதான் கேட்டான் பாவி. அண்ணி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வீட்டில் ரோங்கோ, "விடும்மா, நாம மட்டும் கல்லத் திறந்துக்கலாம்," என்றான்.

"யாருக்கும் ஒரு வாய் போடாமலா? உங்கப்பன் என்ன அநாதையா?" என்று அவன்மேல் பாய்ந்தாள். மறுநாள் பன்றிகளை அவளே அறுத்தாள். வேறு யாரையும் தொடவிடவில்லை.

வியாழக்கிழமை விடியும்போதே கப்பல் பவளப்பாறைக்கு வெளியே வந்து நின்றது. குழியில் கல் சூடேறி, பன்றியும் கிழங்கும் தென்னை நண்டும் இறங்கி, மேலே இலையும் மண்ணும் மூடியாகிவிட்டது. பெண்பிள்ளைகள் இலைப்பாவாடை கட்டி வரிசையில் நின்றார்கள். ஒரு ரப்பர் படகு பாறை இடைவெளிவரை வந்தது. அதில் நின்ற உயரமான வெள்ளைக்காரன் அலையைப் பார்த்தான், கையை ஆட்டினான், திரும்பிப் போனான். கையை ஆட்டியதைப் பிள்ளைகள் வணக்கம் என்று நினைத்து, பதிலுக்கு ஆட்டினார்கள்.

எங்கள் ஆட்கள் அலுமினியப் படகுகளில் போய், நாங்கள் ஏற்றி வருகிறோம் என்றார்கள். எங்கள் படகில் ஏற அவர்களுக்கு அனுமதி இல்லையாம், இன்ஷூரன்ஸாம். அந்தப் படகுகளில்தான் எங்கள் குழந்தைகளும் கிழவர்களும் கர்ப்பிணிகளும் போய் வருகிறார்கள். பிறகு ரேடியோவில் பேசினார்கள். மிகவும் வருந்துகிறோம், காற்று அடிக்காத பக்கத்தில் பறவை பார்க்கப் போகிறோம் என்று. போனார்கள். எங்கள் முனையில் நின்று பார்த்தால், அவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்துவது தெரிந்தது.

பீரியின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கூடையை மணலில் வீசி அடித்தேன். அண்ணி ஆத்திரப்படவில்லை. குழியடுப்பின் பக்கத்தில் போய் நின்றாள்.

"போதகரக் கூப்பிடு மீ," என்றாள் என்னிடம். "என் புருஷன் பன்னி திரும்பி வந்திருச்சு. இன்னைக்கே கல்லத் திறக்கிறோம்."

"அண்ணி, ஒருவேளை அவங்க மறுபடி வந்தா..." என்று இழுத்தான் பீரி.

"வாய மூடிட்டு அந்தப் பக்கம் தூக்கு."

தூக்கினான். குழியிலிருந்து எடுத்ததையெல்லாம் ஊரே அண்ணி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது. கல்லறை அவள் வீட்டு முற்றத்திலேயே, படகுத்துறைப் பாதையின் ஓரத்தில் இருக்கிறது. தாழம்பாய் விரித்தோம். பிள்ளைகளுக்கு இலைப்பாவாடையைக் கழற்ற நேரமில்லை, அப்படியே உட்கார்ந்தார்கள். போதகர் ஜெபம் சொன்னார். பாட்டு எழுந்தது. நான் என் போர்வையை விலக்கினேன், பிறகு மற்றவர்கள். நான் அழுத அழுகையில் பாதி அண்ணனுக்கு, பாதி ஆத்திரத்துக்கு. கடைசியில் அண்ணி தைத்த போர்வை மட்டும் மிச்சம். ரோங்கோ அதைத் தொடக் கையை நீட்டினான்.

அப்போது பாதையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மத்தியானம் அலை தணிந்திருக்கிறது. சிவப்பு லைஃப் ஜாக்கெட்டோடு வரிசையாக வந்தார்கள், முடி ஈரம்கூடக் காயவில்லை. உயரமான ஆள் முன்னால். ஹெனிங் என்று பெயராம். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும், "பாத்தீங்களா, நமக்காகக் காத்திருக்காங்க!" என்று அவர்களிடம் சொல்லிக் கைதட்டினான். நூறு கேமராக்கள் மேலே எழுந்தன. ஒரு பெண் நன்றாகத் தெரியவேண்டும் என்று பக்கத்திலிருந்த என் பெரியப்பா கல்லறையின் மேலேயே ஏறி நின்றாள்.

பீரி ஓடினான், ஹெனிங்கிடம் பேசினான், திரும்பி ஓடிவந்தான். "அண்ணி, அவங்களுக்கு நேரம் கொஞ்சம்தான் இருக்காம். பத்தே நிமிஷம். புள்ளைங்க ஒரு ஆட்டம் ஆடட்டும், அப்புறம் நாம இதத் தொடர்ந்துக்கலாம்."

நான் அவனை அறையப் போனேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டம்தானே? ஆடட்டும்," என்றாள்.

பிறகு கல்லறைமேல் நின்றவளைப் பார்த்து, எல்லோருக்கும் புரியும் ஆங்கிலத்தில், "இறங்கு," என்றாள். அந்தப் பெண் இறங்கினாள். "எல்லாரும் உக்காருங்க. தொப்பிய எடுங்க. இது சாவு வீடு." ஹெனிங் புன்னகையோடு ஏதோ சொல்லத் தொடங்கினான். "நீயும்தான்," என்றாள். உட்கார்ந்தான்.

கொட்டை எடுத்து ரோங்கோவின் கையில் கொடுத்தாள். அவன் அப்பாவின் கொட்டு. பிள்ளைகளைக் கல்லுக்கு நேராக நிறுத்தினாள். "உங்க தூமு பெரியப்பாவுக்கு ஆடுங்கடி. பல்லு தெரியக் கூடாது." வந்தவர்களுக்குப் பன்னிரண்டு முதுகுகள்தான் தெரிந்தன. ரோங்கோ அழுதுகொண்டே அடித்தான், அப்பனைப் போலவே ஓரிடத்தில் தாளம் தவறினான். அந்த இடத்தில் அண்ணி வாய்விட்டு அழுதாள். அண்ணன் இறந்ததிலிருந்து அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ஹெனிங் எழுந்து வந்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி ஆடச் சொல்ல முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"முடியாது. யாருக்கு ஆடுறாங்களோ அவன் அந்தப் பக்கம் இருக்கான்," என்றாள் அண்ணி.

ஆட்டம் முடிந்ததும் ரோங்கோ கடைசிப் போர்வையை விலக்கினான். கல்லில் இருந்த தூமுவின் பெயரை அண்ணி கையால் தடவிப் பார்த்தாள். அதன்பிறகு வந்தவர்களுக்கும் சாப்பாடு போட்டாள். ஊருக்கு முதலில், அவர்களுக்குக் கடைசியில். ஒரே ஒரு கிழவர் மட்டும் தட்டை வாங்கும்போது அவள் கையைப் பிடித்து, மன்னித்துவிடுங்கள் என்றார். மற்றவர்கள் பன்றியைப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் சரக்குக் கப்பல் வந்தது. ரோங்கோ போனான். போகும்போது அண்ணி தைத்த அந்தப் போர்வை அவன் தோளில் இருந்தது.

அடுத்த வாரம் நானும் அவளும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பீரி வந்தான். முகமெல்லாம் பல். வெள்ளைக் கப்பலிலிருந்து நன்றி சொல்லிச் செய்தி வந்திருக்கிறதாம்.

"அந்தச் சடங்குதான் பயணத்துலயே அவங்களுக்கு ரொம்பப் புடிச்சதாம் அண்ணி. அடுத்த வருஷமும் வர்றாங்களாம். அதே மாதிரி ஒண்ணு வேணுமாம். போர்வை, அழுகை, எல்லாம். செய்யலாமா?"

அகைத்தி பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செய்யலாமே. அதுக்கு முதல்ல யாராவது சாகணும். நீ படுத்துக்கிறியா?"

பீரி சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு நின்றதும், கரி பிடித்த பெரிய சட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.