முரசுமோட்டைக்கு இரண்டு போத்தல் எண்ணெய்

சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்பே, காலை ஆறரைக்கு வவுனியாவில் யாழ்ப்பாண பஸ் ஏறினேன். முறிகண்டியில் பஸ் நிற்க, எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் கடலை வாங்கினார்கள். ஒன்பது மணிக்குப் பரந்தன் சந்தி. அங்கிருந்து முரசுமோட்டை ஐந்து கிலோமீற்றர். ஆட்டோ ஐந்நூறு ரூபாய் என்ற சாரதி, என் மருந்துப் பையைப் பார்த்தார்.

"நீங்கள் ஊசி போடுற டொக்டரோ, எண்ணெய் போடுற டொக்டரோ?"

"எண்ணெய்தான்."

"அப்ப நானூறு தாங்கோ. என்ர அம்மாவுக்கும் முழங்கால் நோ" என்று சிரித்தார்.

நான் சித்த வைத்தியர். மூட்டுவாதத்துக்கு முடக்கொத்தான் இலை நல்லது என்று எங்கள் பக்கம் சொல்லாதவர் இல்லை. சொன்னால் போதுமா? காட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். இரண்டு முழங்காலும் நோகிற சிலருக்கு இரண்டிரண்டு போத்தல் கொடுத்திருந்தேன். ஒன்றில் முடக்கொத்தான் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், மற்றதில் வெறும் நல்லெண்ணெய். ஒரு காலுக்கு ஒரு போத்தல். எதில் எது என்று சொல்லவில்லை. ஒரு கால் மட்டும் சுகமானால் மூலிகையின் கெட்டித்தனம் வெளிச்சம்.

அவர்களில் ஒருவரான பரமேசு அக்கா, முரசுமோட்டையில் வயல் செய்கிறவர். போன தடவை கதிரையைப் பிடிக்காமல் அவரால் எழும்ப முடியவில்லை. இன்று என்னைக் கண்டதும் முற்றத்தில் குந்தி, கை ஊன்றாமல் எழும்பிக் காட்டினார். எனக்குப் புல்லரித்துப் போனது. பிறகுதான் உறைத்தது: இரண்டு காலும் மடங்குகிறதே!

"அக்கா, இடது காலுக்கு எதைப் பூசினீங்கள்?"

"மணத்திலையே பிடிச்சிட்டன் பிள்ளை, ஒண்டு வெறும் எண்ணெய். ரெண்டு காலும்தானே என்னைச் சுமக்குது? ஒண்டுக்கு மட்டும் வஞ்சகம் செய்யலாமோ? ரெண்டையும் கலந்து ரெண்டுக்கும் பூசினனான்."

"ஐயோ அக்கா, எல்லாத்தையும் கெடுத்துப் போட்டீங்களே!"

சத்தம் போட்டேவிட்டேன். சுகமானது மூலிகையாலா, தினமும் உருவித் தேய்த்ததாலா? இனி எப்படிச் சொல்வது? அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. குசினிக்குள் போய்த் தேத்தண்ணியோடு வந்தார்.

"இதுக்கு வேற வழி இல்லையோ, பிள்ளை?"

வழி இருந்தது. கேட்கத்தான் வாய் கூசியது. "ரெண்டு கிழமைக்கு வெறும் எண்ணெயை மட்டும் ரெண்டு காலுக்கும் பூசி, இதே மாதிரித் தேய்ச்சுப் பாக்கலாம். உங்களுக்கு விருப்பமெண்டால் மட்டும்."

"வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கோயிலுக்கு நடந்து வாறனெண்டு அம்மனுக்கு நேர்ந்திருக்கிறன்."

"அதுக்கு முன்னம் மருந்தெண்ணெயைத் திருப்பித் தந்திடுவன்."

"நோகுமோ?"

"நோகும்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஓம், செய்யிறன். ஆனா சொன்ன நாளுக்கு வந்திட வேணும்."

நான் கொண்டுவந்திருந்த வெறும் எண்ணெய்ப் போத்தல் ஒன்றை வைத்துவிட்டு, அக்கா கலந்து வைத்திருந்த இரண்டு போத்தலையும் பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் கண் மூட முடியவில்லை. படித்த நாளிலிருந்து, நோயாளிக்கு நோ மாற வேண்டும் என்று மட்டுமே நினைத்தவள் நான். இன்றுதான் முதல் தடவையாக, ஒரு நல்ல மனுசிக்கு நோ திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு வீடு போகிறேன். வரும். சுகமாக்கியது என் மூலிகைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.